ஓடும் வேலையும் உழைக்கும் வேலையும்

கணனி என்ற சொல்லைக் கேட்டதும் மேசைமேல் இருக்கும் பெட்டியையோ, மடியில் வைத்துத் திறக்கும் ஏடு போன்ற சாதனத்தையோ நினைப்பது இன்றைய வழக்கம். அந்தக் கணனிக்கு உடையவர் ஒருவரே. அவர் அதனை விடிய விடிய ஓடவிட்டாலும், வேலையின்றி ஒளிரவிட்டாலும் கேட்பார் இல்லை. ஆனால் வானிலையை முன்னறிதல், மருந்து மூலக்கூறுகளின் அசைவை ஆராய்தல் போன்ற பெரும் பணிகள் ஒரு பெட்டிக்குள் அடங்குவன அல்ல. அவற்றுக்காகப் பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிலையங்களும் நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரக்கணக்கான கணனிகளை ஓரிடத்தில் அடுக்கி, விரைவான வலையினால் ஒன்றோடொன்று பிணைத்து, ஒரே யந்திரம் போல இயக்குகின்றன. கணனித் தொகுதி என்று இதனைக் கூறுவர். இதனைப் பயன்படுத்துவோர் நூறு பேராக இருக்கலாம். ஆயிரம் பேராகவும் இருக்கலாம். ஒவ்வொருவரும் தத்தம் வேலையை அனுப்பிவிட்டு வரிசையில் காத்திருப்பர். முறை வந்ததும் வேலை ஓடத் தொடங்கும். அவ்வாறு ஓடத் தொடங்கிய வேலையைக் கண்காணிப்பது எப்படி என்பதே இப்பேச்சின் பொருள்.

வேலைதான் ஓடத் தொடங்கிவிட்டதே, இனிப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். குளத்து நீரை முறை வைத்துப் பாய்ச்சும் ஊர்களில் வாழ்பவர்கள் இப்படிக் கேட்கமாட்டார்கள். தன் முறை வந்ததும் வாய்க்காலைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போய் உறங்குபவன், வரம்பு உடைந்து நீர் காட்டிலே பாய்ந்ததை விடிந்த பின்னரே காண்பான். அவனுடைய நட்டம் ஒரு புறமிருக்க, அடுத்த முறைக்காகக் காத்திருந்தவனுடைய நட்டத்துக்கு யார் பொறுப்பு?

ஒரு கணனியைப் பலர் பகிர்ந்துகொள்வது புதிய ஏற்பாடு அன்று. உண்மையில் தனியொருவர்க்குக் கணனி என்பதே பிற்காலத்தில் வந்தது. 1950களில் ஆராய்ச்சியாளர் தமது கணக்கைத் துளையிட்ட அட்டைகளில் பதித்து, அந்த அட்டைக் கட்டைக் கணனிக் கூடத்து அலுவலரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார். சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ வந்து அச்சடித்த தாளைப் பெற்றுக்கொள்வார். இடையிலே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. ஓர் அட்டையில் ஒரு குறி தவறியிருந்தால் அந்த நாள் முழுவதும் வீண். 1961 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில், பெர்னாண்டோ கோர்பற்றோ என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரே கணனியைப் பலர் ஒரே வேளையில் தத்தம் தட்டச்சுக் கருவியிலிருந்து பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டினர். தம் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே அதனைப் பார்க்கும் வாய்ப்பு அப்போதுதான் பயன்படுத்துவோர்க்குக் கிட்டத் தொடங்கியது.

இன்றைய தொகுதிகளின் முன்னோடி 1994 இல் பிறந்தது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் கொடாட் நிலையத்தில் தோமஸ் ஸ்ரேர்லிங், டொனால்ட் பெக்கர் என்னும் இருவர், கடையில் வாங்கக்கூடிய சாதாரண உறுப்புகளைக் கொண்ட 16 கணனிகளைப் பிணைத்து ஒரு தொகுதியை அமைத்தனர். பழைய ஆங்கிலக் காவியம் ஒன்றின் வீரனான பேயோவுல்ஃபின் பெயரை அதற்குச் சூட்டினர். அந்தப் 16 எங்கே, இன்றைய எண்ணிக்கை எங்கே! 2022 ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகின் அதிவேகக் கணனிகளின் பட்டியலில் முதலிடம் பெற்று, 2024 நவம்பர் வரை அந்த இடத்தில் இருந்த ‘புரொன்ரியர்’ என்னும் யந்திரம் 9,408 கணுக்களைக் கொண்டது. கணு என்பது தொகுதியிலுள்ள ஒரு தனிக் கணனி. ஒன்றுக்குப் பின் பதினெட்டுச் சுழிகளை இட்டால் வரும் எண்ணுக்கும் மேற்பட்ட கணக்குகளை ஒரு வினாடியில் அது செய்து முடித்தது.

இத்தனை கணுக்களையும் இத்தனை மனிதர்களுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது மனிதரால் ஆகும் காரியம் அன்று. அதற்கென்றே பங்கீட்டு மென்பொருள்கள் உண்டு. அவற்றுள் மிகப் பரவலாக வழங்குவது ‘ஸ்லர்ம்’. கலிபோர்னியாவிலுள்ள லோரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வுகூடத்தில் தோன்றிய இதனைப் பற்றிய கட்டுரை 2003 இல் வெளியாயிற்று. பயன்படுத்துபவர் இதனிடம் மூன்று விடயங்களைக் கூற வேண்டும்: எத்தனை முறைவழியாக்கிக் கருக்கள் வேண்டும், எவ்வளவு நினைவகம் வேண்டும், எத்தனை மணி நேரம் வேண்டும் என்பன அவை. கரு என்பது ஒரு வேளையில் ஒரு கணக்கைச் செய்யும் மூளைப் பகுதி என்று கொள்ளலாம். கேட்டது கிடைக்கும் வரை வேலை வரிசையில் நிற்கும். ‘எஸ்கியூ’ என்னும் கட்டளையைத் தட்டினால் வரிசை முழுவதும் திரையில் வரும். காத்திருக்கும் வேலைக்கு நேரே பீ.டி. என்ற இரண்டு எழுத்துகள்; ஓடும் வேலைக்கு நேரே ஆர் என்ற ஒற்றை எழுத்து.

அந்த ஒற்றை எழுத்தைக் கண்டதும் மனம் ஆறுதல் கொள்கிறது. ஆனால் வேலைக்கு இடம் ஒதுக்கப்பட்டது, அது தொடங்கியது, இன்னும் முடியவில்லை என்பவற்றுக்கு மேல் அந்த எழுத்து எதையும் சொல்வதில்லை.

உதாரணமாக, கடல் நீரோட்டத்தை ஆராயும் ஒரு பல்கலைக்கழக மாணவியை எடுத்துக்கொள்ளலாம். அவருடைய கணக்குக்கு 8 கணுக்கள் வேண்டும். ஒவ்வொரு கணுவிலும் 64 கருக்கள். ஆக 512 கருக்கள். நேரம் 72 மணி. நான்கு நாள் வரிசையில் நின்று, ஐந்தாம் நாள் வேலை ஓடத் தொடங்குகிறது. நாற்பதாவது மணி நேரத்தில், இரவு உணவை முடித்துவிட்டு அவர் திரையைப் பார்க்கிறார். ஆர் என்ற எழுத்து இருக்கிறது. ஆனால் வேலை தன் முன்னேற்றத்தை எழுதிவரும் பதிவுக் கோப்பில் முப்பத்துநான்காவது மணிக்குப் பிறகு ஒரு வரி தானும் இல்லை. அடுத்த மாதம் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். வேலையை நிறுத்துவதா, விட்டுவைப்பதா?

நிறுத்துவது எளிது. உண்மையில் வேலை நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் நாற்பது மணி நேர உழைப்பைத் தம் கையாலேயே அழித்தவராவார். மறுபடியும் நான்கு நாள் வரிசை. விட்டுவைப்பதும் எளிது. வேலை செத்துக் கிடந்தால் மீதமுள்ள 32 மணி நேரமும் 512 கருக்களும் வீண். 32ஐ 512ஆல் பெருக்கினால் 16,384. ஒரு கரு மட்டும் இரவு பகலாக உழைத்தால் ஏறக்குறைய 683 நாள் செய்யும் வேலை அது. அதுவும் வரிசையில் நிற்கும் வேறு ஒருவருக்குச் சேர வேண்டிய நேரம்.

ஆகவே அவர் ஊகத்தை விட்டுச் சான்றைத் தேட வேண்டும். முதலிற் கேட்க வேண்டியது, பதிவுக் கோப்பு மெய் சொல்கிறதா என்பதே. திரையில் எழுதும் நிரல், ஒவ்வொரு வரியையும் உடனுக்குடன் எழுதிவிடும். அதே நிரல் கோப்பில் எழுதும்போது, வரிகளைச் சிறிது சிறிதாக ஓரிடத்திற் சேர்த்துவைத்து, அந்த இடம் நிறைந்த பின்னரே கோப்பிற் கொட்டும். நேரத்தை மிச்சப்படுத்தவே இந்த ஏற்பாடு. குறைவாகப் பேசும் நிரலாயின், ஒரு நாள் முழுவதும் கோப்பு வெறுமையாகவே தோன்றலாம். பழக்கம் இல்லாத மாணவர் பலர், நன்றாக ஓடிய வேலையை இந்த வெறுமையைக் கண்டு அஞ்சி நிறுத்திவிடுவதுண்டு. நிரலை எழுதும்போதே, சேர்த்துவைக்காமல் உடனே எழுதுமாறு ஒரு சொல் சேர்த்திருந்தால் இந்த ஐயத்துக்கு இடமில்லை. கடல் நீரோட்ட மாணவி அவ்வாறு செய்திருந்தார் என்றே கொள்வோம். அப்படியாயின் ஆறு மணி நேர மௌனம் நல்ல சகுனம் அன்று.

அடுத்தபடியாக அவர் நாடுவது ‘எஸ்ஸ்டாட்’ என்னும் கட்டளை. ஓடிக்கொண்டிருக்கும் வேலை எவ்வளவு நினைவகத்தை உபயோகிக்கிறது, கருக்கள் எவ்வளவு நேரம் உழைத்தன என்பதை அது எடுத்துக் கூறும். அவர் பார்க்கிறார், கருக்களின் சராசரி உழைப்பு நூற்றுக்கு 99க்கு மேல். அப்பாடா, வேலை உயிரோடுதான் இருக்கிறது என்று பெருமூச்சு விட்டு உறங்கப் போகலாம் அல்லவா?

போகக் கூடாது. இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். பெரிய கணக்கொன்று 512 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு 512 கருக்களில் ஓடும்போது, ஒவ்வொரு துண்டும் அடிக்கடி தன் அயல் துண்டிடமிருந்து விடையைப் பெற்றே மேலே செல்ல வேண்டும். விடை வரத் தாமதித்தால் அது என்ன செய்யும்? உறங்குவதில்லை. ‘வந்ததா, வந்ததா’ என்று வினாடிக்குப் பல்லாயிரம் முறை கேட்டபடி நிற்கும். விடை வந்த கணமே அதனைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காக இவ்வாறு அமைத்திருக்கிறார்கள். இந்தக் கேள்வியும் ஒரு வேலைதான். கருவுக்கு அது முழு உழைப்பு. ஆகவே வெறுமனே காத்து நிற்பவனும் வியர்க்க வியர்க்க உழைப்பவனும் கணக்குப் புத்தகத்தில் ஒன்றாகவே தோன்றுவர்.

இந்த மயக்கத்தைத் தீர்க்கும் வழியும் அதே கட்டளையில் இருக்கிறது. சராசரி உழைப்பைக் கூறும் அது, எல்லாவற்றிலும் குறைவாக உழைத்த துண்டு எது, அது எந்தக் கணுவில் இருக்கிறது என்பதையும் கூறும். சராசரியை விட்டு அந்தக் குறைந்த எண்ணைப் பார்க்க வேண்டும். மாணவி பார்க்கிறார். 511 துண்டுகள் நாற்பது மணி நேரம் உழைத்திருக்கின்றன. ஒரே ஒரு துண்டு முப்பத்துநான்கு மணி நேரத்தோடு நின்றுவிட்டது. அந்தக் கணுவினுள் நுழைந்து, நடப்பவற்றைப் பட்டியலிடும் ‘டொப்’ என்னும் நிரலை இயக்கினால், அந்தத் துண்டுக்கு நேரே டி என்ற எழுத்து நிற்கிறது. கோப்பு வைக்கும் வட்டுக்களிடமிருந்து பதிலை எதிர்பார்த்து, இடையில் எழுப்ப முடியாத உறக்கத்தில் அது கிடக்கிறது என்பதே இதன் பொருள். அந்த ஒன்றுக்காக மற்றை 511உம் வாயில் நின்று கேட்டபடி இருக்கின்றன. ஒன்று கிடக்க, 511 ஓட, சராசரி 99.8!

நினைவகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேட்ட அளவுக்கு மேல் ஒரு வேலை நினைவகத்தைப் பற்றினால், பெரும்பாலான தொகுதிகளில் அது அக்கணமே கொல்லப்படும். முன்னெச்சரிக்கை கிடையாது. ஆதலால் அளவைப் பார்த்துக்கொண்டிருப்பது அவசியம். ஆனால் ஸ்லர்ம் அந்த அளவை இடைவிடாமற் பார்ப்பதில்லை; வழக்கமான அமைப்பில் 30 வினாடிக்கு ஒரு முறை எட்டிப் பார்க்கிறது. இரண்டு பார்வைக்கு இடையே நினைவகம் திடீரென உயர்ந்து தாழ்ந்தால் அது கணக்கில் ஏறாது. 40 அலகு கேட்டவருடைய வேலை கொல்லப்பட்டிருக்கும். பதிவேடு 25 அலகே உபயோகித்ததாகக் கூறும். அவர் பங்கீட்டு மென்பொருளைக் குறை கூறுவார். பிழை அவருடையதும் அன்று, மென்பொருளுடையதும் அன்று. பார்வையின் இடைவெளியிலே அது ஒளிந்திருக்கிறது. வரைவியல் முறைவழியாக்கிகள் விடயத்திலும் இத்தகைய மயக்கம் உண்டு. பலர் நம்பும் ‘உபயோக வீதம்’ என்பது, அந்தச் சில்லில் ஏதாவது ஒன்று ஓடிய நேரத்தின் வீதமே. சில்லின் ஒரு மூலை மாத்திரம் உழைத்தாலும் நூற்றுக்கு நூறு என்று அது காட்டிவிடும்.

இனி, அடிக்கடி பார்த்தால் நல்லதுதானே என்று எண்ணி, ‘எஸ்கியூ’வை வினாடிக்கு ஒரு தரம் தானாகவே ஓடும்படி அமைத்துவிடுவோரும் உளர். வரிசையை யார் கேட்டாலும் விடை கூற வேண்டியது ஒரே ஒரு தலைமை நிரல். அதுவே புதிய வேலைகளைத் தொடக்கிவைக்கவும் வேண்டும். நூறு பேர் வினாடிக்கு ஒரு முறை அதன் கதவைத் தட்டினால், அது வேலையைப் பங்கிடுமா, கதவைத் திறந்துகொண்டிருக்குமா? இவ்வாறு சுழற்சியில் கேட்க வேண்டாம் என்று ஸ்லர்மின் கைநூலிலேயே எச்சரிக்கை எழுதியிருக்கிறார்கள். சில நிமிடத்துக்கு ஒரு முறை பார்ப்பது போதும். முடிந்ததும் மின்னஞ்சல் அனுப்புமாறு வேலையிடமே சொல்லிவைப்பது இன்னும் நல்லது.

கண்காணிப்பு பயன்படுத்துவோர்க்கு மட்டும் உரியது அன்று; தொகுதியை நடத்துபவர்களும் பார்க்கிறார்கள். 2014 இல் அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான நிறுவனத்தினுடைய மேற்பார்வை அலுவலகம் தன் அறிக்கையில் ஒரு செய்தியை வெளியிட்டது. ஓர் ஆராய்ச்சியாளர் இரண்டு பல்கலைக்கழகங்களின் பெருங்கணனிகளில் 150,000 டொலருக்கு மேற்பட்ட நேரத்தைச் செலவழித்து, பிற்கொயின் என்னும் மின்னெண் நாணயத்தை ஆக்கியிருக்கிறார். கிடைத்த நாணயத்தின் மதிப்போ 8,000 முதல் 10,000 டொலர். திருடியவருக்கும் இலாபம் என்று சொல்ல முடியாத திருட்டு!

ஆனால் தொகுதிகளில் வீணாகும் நேரத்துக்கு இத்தகைய கள்ளர்களை மாத்திரம் குறை கூற முடியாது. நல்லவர்களின் அச்சமும் ஒரு காரணம். ஆறு மணி நேரம் போதும் என்று தெரிந்தும், இடையில் நின்றுவிடுமோ என அஞ்சி 24 மணி நேரம் கேட்பார் ஒருவர். கேட்ட நேரம் முடிந்தால் ஸ்லர்ம் முதலில் ஒரு குறிப்பு அனுப்பி, வழக்கமாக 30 வினாடி பொறுத்து, பின் வேலையைக் கொன்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும். அச்சம் நியாயமானதே. எனினும் அதற்கு விலை உண்டு. ஆர்கோன் தேசிய ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டேவிட் லிஃப்கா 1995 இல் விவரித்த ஒரு முறை இன்று எங்கும் வழங்குகிறது. வரிசையின் முதலில் நிற்கும் பெரிய வேலைக்கு வேண்டிய கணுக்கள் ஒவ்வொன்றாக ஒழியும்வரை, ஒழிந்தவை வெறுமனே கிடக்கும் அல்லவா? அந்த இடைவெளியில், பெரிய வேலையின் தொடக்கத்தைப் பிந்தவிடாத சிறிய வேலைகளைப் பின்னாலிருந்து எடுத்துப் புகுத்திவிடுவார்கள். அரிசி மூட்டைகளுக்கு இடையே சிறு பொதிகளைச் செருகுவது போன்றது இது. ஆறு மணி நேரம் கேட்டவருக்கு இந்த இடுக்கில் இடம் கிடைக்கும். 24 மணி நேரம் கேட்டவர் வெளியே நிற்பார். மிகையாகக் கேட்டவருக்கு முதல் தண்டனை அவருடைய காத்திருப்பே. ஜெரூசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அகுவா முவாலெம், ட்ரோர் ஃபைற்றல்சன் என்னும் இருவர் 2001 இல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் கூறும் நேர மதிப்பீடுகள் எவ்வளவு பிழையானவை என்று காட்டினர். அதனோடு ஒரு வேடிக்கையையும் கண்டனர். எல்லோரும் மிகையாகக் கேட்கும்போது சில வேளை சராசரிக் காத்திருப்பு குறைந்தும் போகிறதாம். விரைவில் முடியும் வேலைகள் விட்டுச்செல்லும் இடைவெளிகளே காரணம். இதனைச் சாட்டாகக் கொண்டு எவரும் மிகையாகக் கேட்க வேண்டியதில்லை. பலன் ஊருக்கு வரலாம், கேட்டவர் வரிசையில்தான் நிற்பார்.

மீண்டும் அந்த மாணவியிடம் வரலாம். வேலை இறந்துவிட்டது என்பது அவருக்கு உறுதியாயிற்று. ஆயினும் நிறுத்தும் பொத்தானில் விரலை வைக்குமுன் எஞ்சிய கேள்வி ஒன்று: எதனைக் காப்பாற்ற முடியும்?

நீண்ட கணக்குகளை ஓட்டுவோர், இடையிடையே கணக்கின் அப்போதைய நிலை முழுவதையும் வட்டிலே சேமித்துவைப்பர். வேலை நின்றால் அந்த இடத்திலிருந்து தொடரலாம். எத்தனை மணிக்கு ஒரு முறை சேமிப்பது? அடிக்கடி சேமித்தால் சேமிப்பதிலேயே நேரம் போகும். அரிதாகச் சேமித்தால் நின்றபோது நட்டம் பெரிது. இதற்கு ஜோன் யங் என்பவர் 1974 இல் ஒரு சூத்திரம் கூறினார். ஒரு முறை சேமிக்க ஆகும் நேரத்தையும், ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் இடையே செல்லும் சராசரி நேரத்தையும் பெருக்கி, அதனை இரண்டு மடங்காக்கி, வர்க்கமூலம் காண வேண்டும். சேமிக்க 5 நிமிடம், பழுதுகளுக்கிடையே 24 மணி அதாவது 1,440 நிமிடம் என்றால், பெருக்கி இரு மடங்காக்க 14,400; அதன் வர்க்கமூலம் 120. இரண்டு மணிக்கு ஒரு முறை சேமித்தால் சரி.

மாணவியும் இரண்டு மணிக்கு ஒரு முறையே சேமித்து வந்தார். முப்பத்துநான்காவது மணியின் சேமிப்பை எழுதும்போதுதான் அந்தத் துண்டு வட்டிடம் சிக்கிக்கொண்டது. ஒரே கோப்பின் மேல் மேலும் மேலும் எழுதியிருந்தால் பழையதும் போய்ப் புதியதும் இல்லாமற் போயிருக்கும். இரண்டு கோப்புகளில் மாறி மாறி எழுதியபடியால், முப்பத்திரண்டாவது மணியின் நிலை கோப்பில் பழுதின்றி இருக்கிறது. கணக்கிலே போனது இரண்டு மணி. வீணாய் நின்றது ஆறு மணி. எந்தக் கணு, எந்தத் துண்டு, எத்தனை மணிக்கு நின்றது என்பவற்றைக் குறித்து, தொகுதியை நடத்துபவர்களுக்கு அவர் ஒரு கடிதம் எழுதுகிறார். அந்தக் கணுவுக்கும் வட்டுக்கும் இடையே ஏதோ பழுது இருக்கிறது என்பதை இந்தச் சிறு கடிதத்தால்தான் அவர்கள் அறிய நேரலாம். இல்லாவிட்டால் நாளை அதே கணுவில் இன்னொருவர் வேலை சிக்கும். பிறகு ‘எஸ்கான்சல்’ என்று தட்டி, வேலையின் எண்ணையும் தட்டுகிறார்.

திரையில் அவருடைய வரி சிறிது நேரம் தயங்கி நின்று மறைகிறது. மீதமிருந்த 40 மணி நேரக் கணக்குக்கு 48 மணி கேட்டு, முப்பத்திரண்டாவது மணியிலிருந்து தொடருமாறு புதிய வேலையொன்றை அவர் வரிசையில் இடுகிறார். இன்னும் ஒரு முறை வரிசையைப் பார்க்கிறார். அவருடைய புதிய வரிக்கு நேரே பீ.டி. அதற்கு மேலே, மூன்று நாளாகக் காத்திருந்த யாரோ ஒருவருடைய வரியில் பீ.டி. போய் ஆர் வந்திருக்கிறது.